விளக்கு யாரை அழைத்தது? மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

கடற்கரையில் உயர்ந்து நிற்கும் கோபுரத்தைப் பேச்சில் 'லைட் ஹவுஸ்' என்கிறோம். எழுத்தில் 'கலங்கரை விளக்கம்' என்கிறோம். சிலப்பதிகாரத்தில் வரும் பழைய சொல் இது. கலம் என்றால் கப்பல். 'கரை' என்பதைக் கடற்கரை என்றுதான் நம்மில் பலரும் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் பழைய உரைகாரர்கள் சொன்ன பொருள் வேறு. கரைதல் என்றால் அழைத்தல். காகம் கரைகிறது என்று சொல்கிறோமே, அந்தக் கரைதல். ஆக, கலத்தைக் கரைந்து அழைக்கும் விளக்கம் அது.

இந்தச் சொல்லிலேயே நமக்கான கேள்வி இருக்கிறது. விளக்கு அழைக்கிறது என்றால் யாரை அழைக்கிறது? யார் செலவில் எரிகிறது? அதன் வெளிச்சம் போய்ச் சேராத மக்கள் யார்? கலங்கரை விளக்கங்களைப் பற்றி எழுதப்படும் வரலாறுகளில் கோபுரத்தின் உயரம், கட்டிய பொறியாளர், கண்ணாடி வில்லையின் வகை, திறந்து வைத்த ஆண்டு எல்லாம் இருக்கும். இந்தக் கேள்விகள் இருக்காது. மரக்காணம் உப்பளக் கரையில் நின்று அவற்றைக் கேட்டுப் பார்ப்போம்.

இரண்டு விளக்குகளுக்கு நடுவே

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. வடக்கே மாமல்லபுரத்தின் கலங்கரை விளக்கம். தெற்கே புதுச்சேரியின் கலங்கரை விளக்கம். இரண்டுக்கும் நடுவில் கழுவேலி ஏரியும், பக்கிங்காம் கால்வாயும், ஆயிரக்கணக்கான ஏக்கரில் வெள்ளையாய் விரியும் உப்புப் பாத்திகளும். தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுக்கு அடுத்துத் தமிழ்நாட்டின் உப்பைப் பற்றிப் பேசினால் மரக்காணத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இளைய தலைமுறையில் பலர் இந்த ஊரின் பெயரை முதலில் கேள்விப்பட்டது வேறொரு காரணத்தால். 2013 ஏப்ரல் 25 அன்று மாமல்லபுரத்தில் வன்னியர் சங்கத்தின் சித்திரை முழுநிலவு விழா நடந்தது. அன்று இதே சாலையில், மரக்காணத்தின் தலித் குடியிருப்பில் வீடுகள் எரிக்கப்பட்டன. அந்த நாளை நாம் மறக்கவில்லை. ஆனால் மரக்காணத்து தலித் மக்களின் வரலாறு எரிந்த கூரைகளில் தொடங்கவில்லை. அதற்கு முன்பே அது உப்பிலும் கடலிலும் எழுதப்பட்டிருக்கிறது. தாக்கப்பட்ட நாளில் மட்டும் நம்மைப் பார்க்கிற பழக்கத்தைப் பத்திரிகைகளிடமிருந்து நாமும் கற்றுக்கொண்டுவிடக் கூடாது.

சிறுபாணாற்றுப்படை பேசும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இந்தக் கரையில்தான் இருந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். மரக்காணத்துக்குச் சற்று வடக்கே ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள் இன்றும் நிற்கின்றன. முகலாயர் ஆட்சிக் காலத்தில் எழுந்த கோட்டை. 1750இல் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் கைக்குப் போனது. 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இதெல்லாம் சுற்றுலாப் பலகைகளில் கிடைக்கும். இந்தத் துறையிலிருந்து ஏற்றுமதியான உப்பை வாரியவர்களைப் பற்றி எந்தப் பலகையும் பேசாது.

ஒரே பாட்டில் விளக்கும் உப்பும்

தமிழில் கலங்கரை விளக்கத்தைப் பற்றிய மிகப் பழைய சித்திரங்களில் ஒன்று பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. நீர்ப்பெயற்று என்ற துறைப்பட்டினத்தில் வானளாவிய மாடம், அதில் சாத்திய ஏணி, கூரை வேயாத உச்சி, அங்கே இரவில் கொளுத்தும் தீ, அதைக் கடலில் இருந்து காணும் கப்பல்கள் என்று விவரிக்கிறார். இந்த ஊரை மாமல்லபுரத்தோடு சேர்த்துப் பேசுவோர் உண்டு. விழா மேடைகளில் தமிழரின் கடலறிவுக்குச் சான்றாக இந்தப் பகுதி அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகிறது. சொல்லட்டும், பெருமைதான்.

ஆனால் அதே பாட்டின் முற்பகுதியில் இன்னொரு காட்சியும் உண்டு. உப்பு விற்கும் உமணர்களின் வண்டிகள் வரிசையாகப் போகின்றன. கைக்குழந்தையோடு ஒரு பெண் எருதுகளை ஓட்டிக்கொண்டு போகிறாள். பாட்டு விளக்கையும் பார்த்தது, உப்பு வண்டியையும் பார்த்தது. நமது மேடைகள்தாம் விளக்கை மட்டும் எடுத்துக்கொண்டு வண்டியை விட்டுவிட்டன.

இன்னொரு படி கீழே போவோம். உமணர் உப்பை விற்றவர்கள். உப்பை விளைத்தவர்கள் யார்? அகப்பொருள் இலக்கணத்தில் நெய்தல் நில மக்களாகப் பரதர், நுளையர் ஆகியோரோடு அளவர், அளத்தியர் என்ற பெயர்களும் வருகின்றன. அளத்தில் வேலை செய்தவர்கள் என்பதால் அந்தப் பெயர். இலக்கணத்தில் ஒரு சொல்லாக நின்றவர்களை வரலாற்றில் மனிதர்களாகத் தேடுவது நம் வேலை.

கோட்டைக்கு மேலே ஒரு விளக்கு

சோழமண்டலக் கரை தட்டையானது. கடலில் இருந்து பார்த்தால் மணலும் பனையும் தவிர அடையாளம் காட்ட மலை எதுவும் கரையை ஒட்டி இல்லை. சென்னையிலும் புதுச்சேரியிலும் அன்று இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அலை உடையும் இடத்தைத் தாண்டி ஆட்களையும் சரக்குகளையும் கொண்டுபோனது, கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலா படகுகளும் கட்டுமரங்களும்தான். இரவில் வரும் கப்பலுக்குக் கரை எங்கே என்று காட்ட ஒரு வெளிச்சம் தேவைப்பட்டது.

சென்னையில் கும்பினியின் முதல் விளக்கு 1796இல் எரிந்தது. ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று கோட்டை அருங்காட்சியகம் இருக்கும் கட்டடத்தின் மாடியில், தேங்காய் எண்ணெயில் எரிந்தது. இரண்டாவது விளக்கு 1844இல், இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கல்தூணின் உச்சியில் ஏற்றப்பட்டது. மூன்றாவது 1894இல் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியிலேயே வைக்கப்பட்டது. நான்காவது, மெரினாவில் இன்று நாம் பார்ப்பது, 1977இல் வந்தது. மாமல்லபுரத்தில் 1887இல் பல்லவர் காலத்து ஒலக்கண்ணேஸ்வரர் கோயிலின் மேலேயே விளக்கை ஏற்றினார்கள். பிறகு பக்கத்தில் கல்லால் தனிக் கோபுரம் கட்டினார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1836இல் கடற்கரையில் விளக்குக் கோபுரம் எழுப்பினார்கள். இப்போது எரிவது 1979இல் வந்த புதிய கோபுரம்.

இந்த ஆண்டுகளை வேறு சில ஆண்டுகளின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 1843இல், அடிமை முறையை இனிச் சட்டம் அங்கீகரிக்காது என்று கும்பினி அரசு சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு சென்னையின் கல்தூணில் விளக்கு எரிந்தது. செங்கல்பட்டிலும் தென்னாற்காட்டிலும் படியாள், பண்ணையாள் என்ற பெயர்களில் கொத்தடிமை அப்படியே தொடர்ந்தது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். 1892இல் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான். இரண்டு ஆண்டுகள் கழித்து உயர் நீதிமன்றத்தின் உச்சியில் விளக்கு ஏறியது. அந்த விளக்கு நாள் தவறாமல் எரிவதற்குத் தனி ஏற்பாடு இருந்தது. பஞ்சமி நிலம் பறிபோகாமல் காக்க அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. பறிபோன நிலத்தை மீட்க நாம் இன்னும் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம்.

அந்த வெளிச்சத்தில் கப்பலேறியவர்கள்

கலத்தை அழைக்கும் விளக்கு, புறப்படும் கலத்துக்கும் தெரியும். ஊரை விட்டுப் போகிறவர்களுக்குக் கடைசியாகத் தெரிந்ததும் அந்த வெளிச்சம்தான்.

பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் வந்தது. பிரெஞ்சுக் காலனிகளில் 1848இல் ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆப்பிரிக்க அடிமைகளின் இடத்தில் ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் ஏற்றப்பட்டார்கள். 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் 313 இந்தியர்களோடு மர்த்தினீக் தீவை அடைந்தது. அதே கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்புக்கும் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கியது. அடுத்த முப்பது சொச்சம் ஆண்டுகளில் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும், மர்த்தினீக்குக்குச் சுமார் 25,000 பேரும் போனார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேறிய தமிழர்கள். சென்னையில் இருந்து 1860 அக்டோபர் 12 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரோடு புறப்பட்டு, நவம்பர் 16 அன்று தர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் சுமார் 1,52,000 பேர். பெரும்பாலானோர் சென்னையில் கப்பலேறியவர்கள்.

போனவர்கள் எல்லாரும் தலித்துகள் அல்லர். பல சாதியினரும் போனார்கள். ஆனால் சேரிகளில் இருந்து போனவர்கள் ஏராளம். கப்பல் பட்டியலில் பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு சாதிக்கும் ஒரு கட்டம் இருந்தது. கடலைத் தாண்டியும் சாதி அந்தக் கட்டத்தில் உட்கார்ந்துகொண்டு கூடவே போனது.

இங்கே ஒன்றை நிதானமாக யோசிக்க வேண்டும். கடல் தாண்டினால் தீட்டு, சாதி போய்விடும் என்று சாத்திரம் சொன்னது. சாதியால் எதையும் பெறாதவர்களுக்கு இழக்க என்ன இருந்தது? ஒப்பந்தக் கூலி வாழ்க்கை கொடுமையானது. சவுக்கும், பிடித்தமும், திரும்பி வர முடியாத தூரமும் இருந்தன. ஆனாலும் பண்ணையாரின் களத்தில் இருந்து வெளியேற ஒரு வழியாகவும் சிலருக்குக் கடல் இருந்தது. அடிமைத்தனமும் தப்பித்தலும் ஒரே கப்பலில் போயின. இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிற வரலாறு அரை வரலாறு.

மரக்காணத்துக்கு அண்டையில் உள்ள மதுராந்தகம் பகுதியின் கோழியாளத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கா சென்று, நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, 1921இல் ஊர் திரும்பினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய இதழுக்குக் கடல் கடந்த ஊர்களிலும் வாசகர்கள் இருந்தார்கள். கூலிகளைக் கொண்டுபோன கடல்வழியில் நம்முடைய எழுத்தும் அரசியலும் போய் வந்தன. இதையும் சேர்த்துத்தான் கடல் வரலாறு என்று சொல்ல வேண்டும்.

கட்டணமும் வரியும்

இப்போது காசுக்கு வருவோம். கலங்கரை விளக்கம் எரியப் பணம் வேண்டும். 1927இல் இந்தியக் கலங்கரை விளக்கச் சட்டம் வந்தது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிடம் அவற்றின் கொள்ளளவுக்கு ஏற்ப விளக்குக் கட்டணம் வாங்கி, அதைக் கொண்டு விளக்குகளை அமைத்துப் பராமரிப்பது அதன் அடிப்படை. 2021இல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகக் கடல்சார் வழிகாட்டு உதவிகளுக்கான புதிய சட்டம் வந்தது. அதிலும் கட்டணம் உண்டு. கப்பல் காசு கொடுக்கிறது, அந்தக் காசுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. நியாயமான ஏற்பாடுதான்.

அரபிக்கடலில் லட்சத்தீவுகளின் தென்கோடியில் மினிக்காய் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே 1885இல் பிரிட்டிஷார் பெரிய கலங்கரை விளக்கம் ஒன்றைக் கட்டினார்கள். ஏடனுக்கும் கொழும்புக்கும் நடுவே ஓடிய கப்பல்களுக்காகக் கட்டியது அது. தீவில் நிற்காமல் கடந்துபோகிற கப்பலுக்காகத் தீவின் மண்ணில் விளக்கு நின்றது. யார் காசு கொடுக்கிறார்களோ அவர்களை நோக்கித்தான் விளக்கு திரும்பும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இதோடு உப்பை ஒப்பிட்டுப் பாருங்கள். 1805இல் சென்னை மாகாணத்தில் கும்பினி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. விளைந்த உப்பு அரசுக்கே, அரசு சொன்ன விலைக்கே விற்பனை. தானாகப் படிந்த உப்பைச் சுரண்டி எடுப்பதுகூடக் குற்றம். 1815இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கை பிரெஞ்சுப் பகுதிகளின் உப்பையும் இதற்குள் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து 1818இல் புதுச்சேரிப் பகுதியின் உப்பு உற்பத்தி நிறுத்தப்பட்டு, அள உரிமையாளர்களுக்கு இழப்பீடாக ஆண்டுக்கு 4,000 பகோடா தருவதாக ஏற்பாடு ஆனது. அளம் வைத்திருந்தவருக்கு இழப்பீடு. அளத்தில் வாரியவருக்கு வேலையும் போனது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதே புதுச்சேரியில் கலங்கரை விளக்கம் எரிந்தது.

1876–78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணமே செத்துக்கொண்டிருந்தது. அந்தப் பஞ்சத்தை ஒட்டியே இங்கு உப்பு வரி உயர்த்தப்பட்டது. பணக்காரரும் ஏழையும் ஏறக்குறைய ஒரே அளவு உப்பைத்தான் சாப்பிடுகிறார்கள். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள உப்பைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்தான் அந்த வரியின் சுமையை அதிகம் சுமந்தார். கப்பல் கட்டிய கட்டணம் விளக்குக்குப் போனது. உப்பு உண்டவர் கட்டிய வரி அளத்துக்குத் திரும்பி வரவில்லை.

1930 உப்புச் சத்தியாகிரகத்தில் வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பு அள்ளியது எல்லாருக்கும் தெரியும். அதே 1930இல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலேறி, தாழ்த்தப்பட்டோருக்கு அரசியல் உரிமை கேட்டார்கள். தலைவர்கள் ஒரு பிடி அள்ளியது தேசத்தின் நிகழ்வானது. நாள்தோறும் அள்ளியவர்கள் அந்தக் கதையில் பாத்திரமாகவே வரவில்லை. 1947இல் உப்பு வரி நீக்கப்பட்டது. 1953இல் உப்பின் மீது ஒரு சிறு மேல்வரிக்குச் சட்டம் வந்தது. அதன் நோக்கங்களில் ஒன்றாக உப்புத் தொழிலாளர் நலனும் எழுதப்பட்டிருந்தது. விளக்குக் கட்டணம் போல இதுவும் உரியவர்களுக்குத் திரும்பியிருக்க வேண்டிய பணம். அந்த மேல்வரியும் இன்று இல்லை. விளக்குக் கட்டணம் மட்டும் புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

கால்வாய் வழியாகப் போன உப்பு

உப்புக்கு இன்னொரு வழியும் இருந்தது. ஆந்திரத்தின் காக்கிநாடாப் பக்கம் தொடங்கி, சென்னையைக் கடந்து மரக்காணத்தில் முடிகிறது பக்கிங்காம் கால்வாய். தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலை என்ற பெயரில் பட்டினி கிடந்தவர்களைக் கொண்டு சென்னைக்குள் அதன் ஒரு பகுதி வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வைக்கப்பட்டது. பஞ்சக் கூலி எவ்வளவு குறைவாக இருக்கலாம் என்பதைச் சோதித்துப் பார்த்த காலம் அது. வேலை செய்கிற ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் கணக்குப் போட்டார். அது போதாது என்று அரசின் மருத்துவ அதிகாரியான டாக்டர் கார்னிஷ் எதிர்த்தார்.

இந்தக் கால்வாயில் உப்பும் விறகும் படகுகளில் போயின. காற்று இருந்தால் பாய், இல்லையென்றால் மனிதர்களின் கழியும் கயிறும். கடலில் போன பெரும் சரக்குக்குக் கோபுரமும் விளக்கும். கால்வாயில் போன உப்புக்கு மனிதத் தோள்கள்.

உயரமும் தூரமும்

கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்களுக்காக ஒன்று. பூமி வளைந்திருப்பதால் விளக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தொலைவுக்குத் தெரியும். தோராயமான கணக்கு இதுதான்: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.86ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தொலைவு வரும். 30 மீட்டர் உயர விளக்கு என்றால் சுமார் 21 கிலோமீட்டர். ஆனால் பார்ப்பவர் கண்ணின் உயரத்தையும் இதோடு கூட்ட வேண்டும். கப்பல் தளத்தில் 16 மீட்டர் உயரத்தில் நிற்கும் மாலுமிக்குக் கூடுதலாக 15 கிலோமீட்டர் கிடைக்கும், ஆக 36 கிலோமீட்டருக்கு மேல் தெரியும். கட்டுமரத்தில் உட்கார்ந்து, கண் ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு 4 கிலோமீட்டர்தான் கூடும். ஆக 25 கிலோமீட்டர்.

ஒரே விளக்கு. ஆனால் தாழ்வான இடத்தில் இருப்பவருக்கு அது பிந்தித் தெரிகிறது. இது இயற்கை விதி, இதில் சாதி ஒன்றும் இல்லை. ஆனால் மனிதர்கள் உண்டாக்கிய விளக்குகளும் இப்படித்தான் வேலை செய்கின்றன. சட்டம் என்ற விளக்கு, கல்வி என்ற விளக்கு, நலத்திட்டம் என்ற விளக்கு எல்லாம் 'எல்லாருக்கும் பொது' என்றுதான் ஏற்றப்படுகின்றன. உயரத்தில் இருப்பவருக்கு முந்தித் தெரிகின்றன. அங்கே விளக்கு எரிகிறதே, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டிய பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது. விளக்கின் உயரத்தை மட்டும் அளந்தால் போதாது. பார்ப்பவர் எங்கே உட்கார வைக்கப்பட்டிருக்கிறார் என்பதையும் அளக்க வேண்டும்.

உப்பளத்தின் பகலும் இரவும்

உப்பு விளைவது எளிதான காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். உப்பு நீரைத் தேக்கத்தில் விட்டு, பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் வற்றவிட வேண்டும். நீரின் அடர்த்தி போமே அளவில் சுமார் 25 பாகைக்கு வரும்போது உப்பு படியத் தொடங்கும். 29 பாகையைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் கலந்து கசக்கும். அதற்குள் நீரை வடித்து, படிந்ததை வார வேண்டும். கருவி இல்லாமலேயே நீரின் நிறத்தையும் வழவழப்பையும் வைத்துப் பக்குவம் சொல்லும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். இந்த அறிவுக்கு எந்தக் கல்லூரியும் பட்டம் தருவதில்லை. கலங்கரை விளக்கத்தைக் கட்டியவரைப் பொறியாளர் என்கிறோம். இவரைக் கூலி என்கிறோம்.

வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது என்பதால் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். பகலில் நிலைமை தலைகீழ். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைத் தாக்கும். ஆண்டுக்கணக்கில் இதில் நிற்பவர்களுக்குப் பார்வைக் கோளாறு வருகிறது. காலில் வெடிப்பும் புண்ணும் ஆறுவதில்லை. இந்த வேலையில் பெரும்பங்கு பெண்களுடையது. வெளிச்சம் வேண்டிய நேரத்தில் இருட்டு, நிழல் வேண்டிய நேரத்தில் கூசும் வெளிச்சம். கறுப்புக் கண்ணாடி, காலுறை, நிழற்கூடம், குடிநீர், கழிப்பறை ஆகியவை சலுகைகள் அல்ல. கப்பலுக்கு விளக்கு எப்படியோ, அப்படி இவை பாதுகாப்புச் சாதனங்கள்.

மழைக்காலத்தில் அளம் முழுகிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கியது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் மூன்று மாதங்களுக்கும் சேர்த்து அந்தத் தொகை. வாரியத்தில் பதிவு இல்லாதவர்கள் அதற்கும் வெளியே நிற்கிறார்கள்.

இதற்கிடையே கலங்கரை விளக்கங்களுக்குப் புது வாழ்வு வந்திருக்கிறது. மீன்பிடிப் படகிலேயே ஜிபிஎஸ் கருவி வந்துவிட்ட பிறகு பழைய கோபுரங்கள் சுற்றுலாத் தலங்களாகின்றன. 2024 பிப்ரவரியில் 75 கலங்கரை விளக்கங்களில் சுற்றுலா வசதிகளை ஒன்றிய அரசு தொடங்கிவைத்தது. வழிகாட்டும் வேலை குறைந்துபோன கோபுரத்துக்கும் பூங்காவும் நிதியும் உண்டு. வேலை குறையாத அளத்தில் நிழலுக்கு ஒரு கொட்டகை போட இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நாம் செய்ய வேண்டியது

இளைய தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் உடனே தொடங்கக்கூடிய வேலைகள் உண்டு.

ஒன்று, ஆவணம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உப்புத் துறை, வருவாய்த் துறைக் கோப்புகளைப் படியுங்கள். நேட்டால் கப்பல் பட்டியல்களில் தென்னாற்காடு, செங்கல்பட்டு ஊர்ப் பெயர்களைத் தேடுங்கள். ஒரு கல்லூரி மாணவர் ஒரு கப்பலை எடுத்துக்கொண்டால் போதும். சாதிக்கான அந்தக் கட்டம் அன்று இழிவுபடுத்த எழுதப்பட்டது. இன்று நம் மக்கள் எங்கெல்லாம் போனார்கள் என்று கண்டுபிடிக்க அதுவே நமக்கு உதவும்.

இரண்டு, நிலம். அளங்களின் பெரும்பகுதி அரசு நிலம், குத்தகைக்கு விடப்படுவது. குத்தகை யார் பெயரில் இருக்கிறது, எத்தனை ஆண்டுகளுக்கு, என்ன தொகைக்கு, அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தலைமுறை தலைமுறையாக வாரியவர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குத்தகையில் முன்னுரிமை கேட்பது பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின் தொடர்ச்சிதான்.

மூன்று, பதிவும் பாதுகாப்பும். நலவாரியத்தில் பதிவு செய்ய உட்கார்ந்து படிவம் எழுதிக்கொடுக்க ஆள் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். அது உங்களால் முடியும். கண் பரிசோதனை முகாம் வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பதும் உங்களால் முடியும்.

நான்கு, வாய்மொழி. பாத்தியின் பக்குவத்தைக் கண்ணால் சொல்லும் மூத்த அம்மாக்களிடம் போய் உட்காருங்கள். நீரின் நிறத்துக்கு, உப்பின் வகைக்கு, காற்றின் திசைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் அனுமதித்தால் மட்டும் பதிவு செய்யுங்கள். எழுதியதைத் திரும்பக் கொண்டுபோய் அவர்களிடமே படித்துக் காட்டுங்கள்.

மாமல்லபுரத்தில் கட்டணம் கட்டிக் கோபுரத்தின் மேலே ஏறுகிறவர்கள் பெரும்பாலும் கடலைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் ஏறினால் தெற்கே திரும்பிக் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அந்தத் திசையில்தான் மரக்காணம் இருக்கிறது. அதன் வரலாற்றை எழுதும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.